உதிராத காட்டு நெல்

காட்டு நெல் பழுத்தால் தானாக உதிரும். வயல் நெல் உதிராமல் நம் கைக்காகக் காத்திருக்கும். மணியைக் காம்பிலிருந்து கழற்றிவிடும் மரபணு இரண்டிலும் இருக்கிறது. வயல் நெல்லில் அதன் ஸ்விட்ச் மட்டும் அணைந்து கிடக்கிறது. என் ஆய்வேடு மொத்தமும் இவ்வளவுதான். இதை எழுத எனக்கு ஏழு வருடம் பிடித்தது. அதுவரை தன் சம்பளத்தில் என்னையும் வீட்டையும் சேர்த்து இழுத்தவள் என் மனைவி.

வாய்மொழித் தேர்வன்று அவளும் லீவு போட்டுவிட்டு வந்து வெளியே உட்கார்ந்திருந்தாள். இரண்டு நெல்லையும் தொட்டிகளில் வளர்த்துவந்த கண்ணாடிக் குடிலுக்குள் தேர்வாளரை அழைத்துப் போனேன். வயல் நெல்லைத் தட்டினேன். ஒன்றும் விழவில்லை.

"இப்பப் பாருங்க சார்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு காட்டு நெல்லைத் தட்டினேன். அதிலும் ஒன்றும் விழவில்லை. ஓங்கித் தட்டினேன். தொட்டிதான் விழுந்தது. பக்கத்தில் நின்ற என் வழிகாட்டி மேடத்தின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"வருஷா வருஷம் விதை எங்கேருந்து எடுத்தீங்க?" என்றார் தேர்வாளர்.

"கதிர்லேருந்துதான் சார்."

"கீழ விழுந்ததை?"

"பெருக்கித் தள்ளிடுவாங்க சார். யாரு குனிஞ்சு பொறுக்குறது?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு உறைக்க அரை நிமிடம் ஆனது. உதிர்ந்ததையெல்லாம் குப்பைக்கு அனுப்பிவிட்டு, ஒட்டிக்கொண்டிருந்ததை மட்டுமே திரும்பத் திரும்ப விதைத்திருக்கிறேன். பக்கத்து வரிசை வயல் நெல்லின் மகரந்தம் வேறு வந்து கலந்து கைகொடுத்திருக்கிறது. ஆதி விவசாயிகள் பல நூறு வருடம் பாடுபட்டுச் செய்ததை என் சோம்பேறித்தனம் ஏழே வருடத்தில் முடித்துவிட்டது.

"ஆய்வேட்டுல முதல் வருஷ அளவு மட்டும்தான் இருக்கு. அப்புறம் அளக்கலையா?"

இல்லை என்று சொல்லித் தொலை என மேடம் கண்ணைக் காட்டினார். சொல்லியிருந்தால் எப்படியாவது தப்பித்திருப்பேன். பொய் வாய்வரை வந்தது.

"அளந்தேன் சார். குறைஞ்சுக்கிட்டே போச்சு. மெஷின் கோளாறுன்னு ஒதுக்கி வெச்சுட்டேன்."

நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்ற அளவு அதில் இருந்தது. முதல் வருடம் நூறு, அடுத்து எண்பது, பிறகு அறுபத்தொன்று, போன வருடம் ஒன்பது. தேர்வாளர் சிரிப்பை நிறுத்திவிட்டு இரண்டு தடவை படித்தார்.

"மெஷின் நல்லாத்தான் இருந்திருக்கு. ஆராய்ச்சியை நோட்டுல பூட்டி வெச்சுட்டு வேற எதையோ எழுதியிருக்கீங்க. முதல்லேருந்து எழுதுங்க. ஒரு வருஷம் தரேன்."

வெளியே வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"உதிர்றது குப்பைக்கு. ஒட்டிக்கிட்டு இருக்கிறதுக்கு மறுபடியும் மறுபடியும் அதே தொட்டி. அப்படித்தானே?"

"ஆமா."

"இப்பத்தான் உங்க ஆராய்ச்சி எனக்குப் புரியுது" என்றபடி எழுந்தாள். "இந்த ஏழு வருஷத்துல நீங்க மாத்தினது அந்த நெல்லை மட்டும் இல்லை. உதிராம ஒட்டிக்கிட்டு இருக்கிற என்னையும்தான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் பையை வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.