பெரியப்பாவின் முதுகில்

அந்தப் பழைய பிக்கப் வண்டிக்கு வீட்டில் பெரியப்பா என்று பெயர். காலையில் எழுப்பினால் இருமும், புகைவிடும், முனகும். பள்ளத்தில் இறங்கினால் முதுகு பிடித்துக்கொண்டதுபோல ஒரு பக்கமாகச் சாயும். பாரம் ஏற்றுகிற வேலை என்று வந்துவிட்டால் மட்டும் இளவட்டங்களை ஓரமாகப் போகச் சொல்லும்.

அதை வைத்திருந்த மெக்கானிக்கைத் தெருவில் 'காது' என்று கூப்பிட்டார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். புதிதாக வருகிறவர்கள், ஆள் நின்றபடியே தூங்கிவிட்டார் என்று நினைத்து, பக்கத்துக் கொட்டகை வெல்டரைத் திரும்பிப் பார்ப்பார்கள். "எழுப்பாதீங்க, பேசிட்டிருக்காரு" என்பார் வெல்டர்.

காதுக்கு ஒரே மகள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு விதைப் பண்ணையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வீடும் பார்த்தாயிற்று. கட்டில், மெத்தை, பீரோ எல்லாவற்றையும் பெரியப்பா முதுகில் ஏற்றிக்கொண்டு போவது, வண்டியையும் அவளே அங்கு வைத்துக்கொள்வது என்று பேச்சு. "வண்டி ரெடியானதும் கிளம்பும்மா" என்று காதுதான் பெரிய மனதோடு சொன்னார். சொன்ன அன்றிலிருந்து வண்டி ரெடியாகவில்லை.

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அதற்கு அவசியமும் வரவில்லை, வண்டி நிஜமாகவே கெட்டிருந்தது. முதலில் குளிரில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. ஹீட்டர் பிளக்குகள் செத்திருந்தன. கழற்றும்போது ஒன்று பாதியில் முறிந்து உள்ளேயே தங்கிக்கொண்டது. அதை நோகாமல் வெளியே எடுப்பதற்குள் ஒரு ஞாயிறு வந்து போயிற்று. பிறகு ஸ்டியரிங். திருப்பினால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. தேய்ந்த பால் ஜாயின்ட்டைப் பிரிக்கக் கீழே படுத்தபோது, பிரேக் குழாய் துருப்பிடித்துச் சருகாக உதிர்வது தெரிந்தது. குழாய்க்காகப் படுத்தபோது, பின்பக்க ஸ்பிரிங் பட்டையில் ஒரு தகடு விரிசல் விட்டிருப்பது கண்ணில் பட்டது. பழைய வண்டிக்குக் கீழே படுப்பது சொந்தக்காரர் வீட்டுக்கு நலம் விசாரிக்கப் போவது மாதிரி. ஒருவருடைய முட்டிவலியைக் கேட்கப் போனால் நாலு பேருடைய வலியையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும்.

ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் அவர் முகத்தில் கிரீஸோடு சேர்ந்து ஒரு நிம்மதியும் அப்பியிருந்தது. மனைவி அதைக் கவனித்துவிட்டாள்.

"என்னங்க, வண்டிக்கு வைத்தியம் பாக்குறீங்களா, இல்ல இன்னும் கொஞ்ச நாள் படுத்துக்கன்னு அதுகிட்ட கெஞ்சுறீங்களா?"

"பிரேக் இல்லாம புள்ளைய மலையில அனுப்பச் சொல்றியா?"

"பிரேக்குதான் மாத்தியாச்சுல்ல."

"மாத்தியாச்சு."

"அப்புறம் என்ன?"

"கிளம்பறப்ப அடியில டொக்குனு ஒரு சத்தம் வருது."

மகள் கொட்டகை வாசலில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். "எனக்குக் கேக்கலையேப்பா" என்றாள்.

"உனக்கு எப்படிக் கேக்கும்? ஏறினதும் பாட்டு போட்டுடுற."

"பாட்டை நிறுத்திட்டுத்தான் ஓட்டிப் பாத்தேன்."

"எனக்குக் கேக்குது" என்றார் வெல்டர். மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். "இல்ல, மனுஷன் தனியா நிக்கிறாரேன்னு சொன்னேன்."

எஞ்சின் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டில் ஜாயின்ட் கிராஸ் தேய்ந்தால் அப்படிச் சத்தம் வரும். காது ஷாஃப்டை இறக்கிப் புது கிராஸ் போட்டு மாட்டினார். ஓட்டிப் பார்த்தார். டொக்.

அன்று மகள் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, திங்கக்கிழமை நான் வேலைல சேரணும். நாளைக்குக் காலையில வண்டி கிளம்பலைன்னா வாடகை லாரி சொல்லிடுறேன். பெரியப்பா இங்கேயே இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணை."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார், சிரித்துக்கொண்டல்லவா சொன்னாள். போகத்தான் போகிறாள், அது அவருக்கும் தெரியும். ஆனால் முன்பின் தெரியாத யாரோ பார்த்த பிரேக்கை நம்பி, யாரோ முறுக்கிய சக்கரத்தில் போவதா? அவர் கையால் கொடுத்தனுப்ப இருந்தது இந்த ஒன்றுதான். "பாரம் ஏத்தினாத்தான் சத்தம் எங்கேருந்து வருதுன்னு தெரியும்" என்றார். "காலையில ஏத்திடு. ஊர் எல்லை வரைக்கும் நான் பின்னால படுத்துக் கேட்டுட்டு வரேன். சரி பண்ணிட்டு எறங்கிக்கிறேன், நீ அப்படியே போயிடு."

விடிந்தபோது தெருவில் பனி இறங்கியிருந்தது. பீரோவுக்கும் மெத்தைக்கும் நடுவில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். காது அதில் படுத்து, வண்டியின் தரையில் காதை வைத்தார். மனைவி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு எட்டிப் பார்த்து, "சாமானோட சாமானா இருக்கீங்க, கயிறு கட்டிடவா?" என்றாள்.

"சத்தம் வந்தா கேபினைத் தட்டுறேன். உடனே நிறுத்திடு" என்று மகளிடம் சொன்னார் காது. சத்தம் வராவிட்டால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. இத்தனை வருடத் தொழிலில் சத்தம் வராத வண்டியில் அவர் போனதே கிடையாது.

பாலத்து ஏற்றத்தில் டொக்கென்றது. தட்டினார். வண்டி நின்றது. பனியில் நனைந்த சாலையில் மல்லாந்து உள்ளே நுழைந்தார். ஷாஃப்டை நடுவில் தாங்குகிற பேரிங்கின் போல்ட் ஒன்று வெறும் கை முறுக்கில் நின்றுகொண்டிருந்தது. பழைய சத்தம் பழைய கிராஸோடு போய்விட்டிருக்கிறது. இது புதுச் சத்தம். கிராஸ் மாற்றும்போது அதை ஸ்பானர் போடாமல் விட்டது யாரென்று கேட்க, அந்தக் கொட்டகையில் இரண்டாவது மெக்கானிக் யாரும் கிடையாது.

"என்னப்பா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"ஒரு போல்ட்டு."

"நீங்க முறுக்கினதா?"

"முறுக்காதது."

அவர் ஸ்பானரைப் போட்டு முறுக்கினார். போதும் என்று தோன்றிய பிறகும் இன்னொரு முறை முறுக்கினார். "கொஞ்ச தூரம் போ. கேட்டுடுறேன்" என்று மறுபடியும் ஏறிப் படுத்தார்.

வண்டி கிளம்பியது. சத்தம் இல்லை. காதை அழுத்தி வைத்துக் கேட்டார். தரைக்கடியில் ஷாஃப்ட் சுழலுகிற ரீங்காரம் மட்டும் தூரத்து மழைபோலச் சீராக வந்துகொண்டிருந்தது. மல்லாந்து திரும்பினார். தந்திக் கம்பிகள் பனிக்குள் எழுந்தும் தாழ்ந்தும் ஓடின. மரங்கள் தலைகீழாக வந்து, அவரைக் குனிந்து பார்த்துவிட்டுப் பின்னால் போயின. எந்த வண்டியில் படுத்திருக்கிறோம் என்பது மெல்ல மறந்துபோயிற்று. அவர் கை பட்ட வண்டிகளெல்லாம் ஒரு பெரிய புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்தன. பானட்டை இறக்கிப் புல்லை மோந்து பார்த்தன, ஒன்றையொன்று உரசிக்கொண்டன. எதிலும் ஒரு சத்தமும் இல்லை. அவர் ஒவ்வொன்றின் கிட்டேயும் போய், 'எங்கே வலி?' என்று கேட்டார். எல்லாம் இல்லையென்று தலையை ஆட்டின. நடுவில் சின்னப் பெண்ணாக மகள் ஒரு வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டியபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'எறங்கு, விழுந்துடுவே' என்று சொல்ல நினைத்தார். வண்டி மேயத்தான் செய்தது. அவள் விழவில்லை.

கண்ணைத் திறந்தபோது மேலே போர்வை இருந்தது. வெயில் முகத்துக்கு வந்திருந்தது. தெரியாத சுவர், தெரியாத ஜன்னல், பால்கனியில் ஓர் அம்மாள் துணி காயப்போட்டபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பீரோவைக் காணோம்.

மகள் கையில் தலையணையோடு வந்தாள். "எழுந்துட்டீங்களா? பீரோவைப் பண்ணை ஆளுங்க மேல ஏத்திட்டாங்க. மெத்தையை எடுக்கணும், கொஞ்சம் நகருங்க."

"நான் எல்லையில எறங்கணும்ல?"

"நீங்க தட்டவே இல்லையே."

"சத்தமே வரலையே."

"அதான் நிறுத்தல" என்றாள். பிறகு போர்வையை மடித்துக்கொண்டே, "மலையேறுறதுக்கு முன்னால ஒரு தடவை நிறுத்திப் பாத்தேன். வாயைத் திறந்துட்டுத் தூங்கினீங்க. எழுப்ப மனசு வரல. போத்திட்டு வந்துட்டேன்" என்றாள்.

காது அவமானத்தோடு இறங்கி, அதை மறைக்க மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தார். மாடியில் இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் பண்ணையின் நாற்றுப் பாத்திகள் வரிசையாகத் தெரிந்தன. தரையில் உட்கார்ந்து ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள். மகள் தன் வீட்டில் அவருக்குத் தட்டு எடுத்து வைத்தாள். தண்ணீர் எங்கே என்று அவர் அவளைக் கேட்க வேண்டியிருந்தது.

மனைவிக்கு போன் போட்டார்.

"எல்லைக்குத்தானே போனீங்க?"

"எல்லையைக் கொஞ்சம் தள்ளி வச்சிருக்காங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிக்கிற சத்தம் கேட்டது. "வீடு எப்படி இருக்கு? கதவு பலமா?"

"பலம்தான்."

"தாழ்ப்பாள்?"

"ரெண்டு இருக்கு. ஆட்டிப் பாத்துட்டேன்."

"சரி, பஸ்ஸைப் பிடிங்க. அதுலயும் தூங்கி வேற யாராவது பொண்ணு வீட்டுல போய் எறங்காதீங்க."

பொழுது சாய்கிறபோது மகள் அவரைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். பெரியப்பாவில் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மேட்டில் அவள் கியர் குறைக்கக் கொஞ்சம் தாமதித்தாள். முழங்காலில் இருந்த அவர் கை தன்னையறியாமல் கியரை இழுப்பதுபோல மடங்கி நிமிர்ந்தது.

பஸ் படியில் ஏறித் திரும்பி, "போயிட்டு வரேம்மா" என்றார். சொன்ன பிறகுதான் உறைத்தது. காலையிலிருந்து அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்த வார்த்தை, அவர் வாயிலிருந்தே வந்திருக்கிறது. விட்டுவிட்டுப் போகிறவர் இப்போது அவர்தான். அப்படிப் பார்த்தால், போவது அவ்வளவு பெரிய குற்றமாகத் தெரியவில்லை.

"பார்த்துப் போங்கப்பா" என்றாள் மகள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தார். பெரியப்பா நிலைய வாசலில் திரும்பி, கடைத்தெருவுக்குள் நிதானமாகப் போயிற்று. திரும்பி முடித்த பிறகும் இடது இண்டிகேட்டர் கண் சிமிட்டிக்கொண்டேயிருந்தது. கூப்பிட வாயெடுத்தவர், தலையைச் சொறிந்துகொண்டார்.

பக்கத்து சீட்டுக்காரர் அவர் பார்க்கிற திசையில் எட்டிப் பார்த்தார். "யாருங்க, தெரிஞ்சவங்களா?"

"என் பொண்ணு" என்றார் காது. "இந்த ஊர்தான்."