காத்து உள்ளே போகும் வழி

மனித குலத்தின் வரலாறு என்பது காற்றை வசப்படுத்தியவனின் வரலாறு. பாய் கட்டியவன் கடலை ஆண்டான். துருத்தி ஊதியவன் இரும்பை ஆண்டான். எஞ்சினுக்குக் காற்றூட்டத் தெரிந்தவன் தூரத்தையே ஆள்வான். இந்த உண்மையை உலகுக்கு அறிவித்த நேரத்தில் பேசாலை றொட்னி சேர், தன் வீட்டு முற்றத்தில், பழைய யப்பான் கார் ஒன்றின் திறந்த பொனெற்றுக்குள் தலையை விட்டபடி, கைதவறி உள்ளே விழுந்த ஸ்பனரைத் தேடிக்கொண்டிருந்தார். உலகம் என்று அங்கே நின்றவை அவருடைய மாமி எடித்தும், வேலியோரம் நின்ற இரண்டு கழுதைகளும்தான்.

ஸ்பனர் கிடைக்கவில்லை.

றொட்னி சேர் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் ரியூசன் நடத்துபவர். போன வருடம் வாசிகசாலை மண்டபத்தில் 'மூடநம்பிக்கையின் முடிவு' என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றினார். பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பவர்களை அவர் அன்றைக்கு வெளுத்த வெளுப்பில், மண்டபத்துப் பல்லிகூட வாய் திறக்கவில்லை என்று ஊரில் இன்னும் கதை.

ஆனால் அவரைக் காரைத் திறக்க வைத்தது விஞ்ஞானமல்ல, பயம். மனைவி றொசானாவுக்கு இது நிறைமாதம். முதலில் உண்டானது தங்காமல் போனது. இந்த முறை பிரஷரும் சேர்ந்திருந்தது. வயிற்றுக்குத்து வந்தால் ஒரு நிமிடம்கூட வீட்டில் மினக்கெட வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்கு வாங்கோ என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மன்னார் ஆஸ்பத்திரிக்கும் பேசாலைக்கும் நடுவே பனங்காடும் வெளியும் மண்மேடுமாகத் தெரு நீளும். காரோ அக்சிலேற்றரை மிதித்தால் யோசித்துவிட்டுத்தான் ஓடும். அதற்கு மூச்சு முட்டுகிறது என்று றொட்னி சேர் கண்டுபிடித்தார். யூரியூப்பில் ஒரு வெள்ளைக்காரன் பளபளக்கும் குழாய் ஒன்றையும் கூம்பு மாதிரிச் சிவப்புக் காற்று வடிகட்டி ஒன்றையும் சிரித்துக்கொண்டே பூட்டினான். அடுத்த நிமிடம் அவனுடைய கார் பறந்தது. அதே குழாயை றொட்னி சேரும் கொழும்பிலிருந்து எடுப்பித்தார். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று பெட்டியில் போட்டிருந்தது. இந்தக் கார் அந்த எல்லாவற்றுக்குள்ளும் அடங்கவில்லை.

எடித்துக்குக் குழாயைப் பற்றி ஒரு குறையுமில்லை. அவருடைய பயம் வேறு. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் புருசன்காரன் துளை போடக் கூடாது. அதைவிட, இருக்கிற துளையை அடைக்கவே கூடாது. தங்கள் சொந்தத்திலேயே ஒருவர் பெண்சாதி நிறைமாதமாக இருக்கும்போது எலி வளையைச் சீமெந்து போட்டு அடைத்ததையும், அவள் நோவோடு கிடந்த கிடையையும், கடைசியில் அந்த மனுசன் அலவாங்கோடு போய்ச் சீமெந்தை உடைத்த பிறகே பிள்ளை பிறந்ததையும் எடித் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"வழி அடைஞ்சு போம், தம்பி. சொல்லிப்போட்டன்."

மாமி, எலி வளைக்கும் கருப்பைக்கும் என்ன தொடர்பு என்று றொட்னி சேர் கேட்டார். கேட்ட கேள்விக்கு அவரே அரைமணி நேரம் பதிலும் சொன்னார். வாசலில் கதிரை போட்டு, வயிற்றில் கை வைத்தபடி றொசானா இருந்தாள். அம்மா சொல்வதை அவள் நம்பவில்லை. கணவர் சொல்வதையும் நம்பவில்லை.

காற்று வடிக்கிற பழைய கறுப்புப் பெட்டியைக் கழற்றியபோது எஞ்சினின் வாய் திறந்தது. எடித் எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அடி தெரியாத இருட்டு. சோளகக் காற்று முற்றத்து மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. திறந்த வாய்க்குள் மண்ணோ ஆணியோ போனால் எஞ்சின் அவ்வளவுதான் என்று வெள்ளைக்காரன் எச்சரித்திருந்தான். றொட்னி சேர் முன்யோசனைக்காரர். உடுப்புக் கொடியின் கீழ் குனிந்து நின்றவர், கைக்கு எட்டியதைக் கொண்டு அதற்கும் ஒரு வழி செய்துவிட்டு, துளை போடும் மெசினை எடுத்தார்.

இரும்பு கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்துக்கு றொசானாவின் வயிறு ஒருதரம் துள்ளியது. துளை பாதி போனதும் கரண்ட் நின்றது.

கரண்ட் வரும்வரை சாப்பிட்டார், படுத்தார், எழும்பினார். வந்ததும் மீதித் துளையைப் போட்டார். அது தவறான இடம் என்று தெரிந்து பக்கத்தில் இன்னொன்று போட்டார். குழாய் நீளம் கூட என்று அரிந்தார். அரிந்தபின் கட்டை என்று ரப்பர் துண்டு செருகினார். கிளிப்பைத் தன் பலமெல்லாம் கூட்டி இறுக்கினார். பொனெற் மூடவில்லை. நைலோன் கயிற்றால் கட்டினார். பொழுது சாயும்போது, கட்டுப் போட்ட பல்நோவுக்காரன் மாதிரிக் கார் முற்றத்தில் நின்றது.

ஸ்ராட் செய்தார். பிடித்தது. பிடித்த உடனே எங்கோ அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. எஞ்சின் சத்தமல்ல. வாய் பொத்தப்பட்ட ஒருவர் எதையோ சொல்ல எத்தனிப்பது போன்ற சத்தம். வேலியோரக் கழுதைகள் காதை நிமிர்த்தின. பிறகு, யாரும் விரட்டாமலே நடையைக் கட்டின. இத்தனை வருடத்தில் அந்த வேலியை விட்டு அவை தாமாகப் போனதை எடித் கண்டதில்லை.

றேஸ் கார் எல்லாம் இப்படித்தான் உறுமும் என்றார் றொட்னி சேர். அக்சிலேற்றரை மிதித்துக் காட்டினார். உறுமல் மெலிந்து, குழந்தையின் சிணுங்கலாகி, அறப்போய், திரும்பி வந்தது. புதுக் காற்றுக்கு எஞ்சின் பழக வேணும் என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், கொஞ்சம் விரைவாகவே.

இருட்டுவதற்கு முதல் உடுப்பு எடுக்கப் போன எடித் கொடியடியில் அப்படியே நின்றுவிட்டார். றொசானாவின் நீலப்பூப் பாவாடையைக் காணவில்லை. அதைப் போட்ட இடத்தில் இரண்டு கிளிப்புகள் மட்டும் வெறுங்கொடியைக் கடித்துக்கொண்டிருந்தன.

பாவாடை காற்றில் போகவில்லை, கிளிப் இருக்கிறது. ஆகவே யாரோ எடுத்திருக்கிறார்கள். பிள்ளைத்தாச்சி உடுத்த துணி எந்தச் செய்வினைக்கு உதவும் என்று எடித்துக்கு ஆரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவர் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே றஞ்சினி தன் தையல் மெசினில் இருந்தாள். இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, போன வருடம்தான் தாயின் காணிக்குத் திரும்பி வந்தவள். பிள்ளையில்லை. வேலிக்கு மேலால் எட்டி எட்டி, அக்கா வயிறு நல்லா இறங்கிருச்சே என்று போனகிழமை சிரித்தவள். எடித்துக்கு இது போதும். இந்தியாவில் அவள் படித்தது தையல் மட்டும்தானா என்று மருமகனிடம் கேட்டார்.

றொட்னி சேர் சிரித்தார். ஆனால் சிரிப்பு வழக்கமான அளவுக்கு வரவில்லை. அன்று அவர் படுக்கப் போகுமுன் முன்கதவுப் பூட்டை இரண்டாந்தரமும் இழுத்துப் பார்த்தார்.

அடுத்த நாள் பின்னேரம் குத்து வந்தது. றொசானாவின் முகம் சாம்பலாகியிருந்தது. ஓட்டோவைக் கூப்பிடுவமே என்று அவள் கேட்டாள். கார் எதற்குக் கிடக்கிறது என்றார் அவர்.

ஊர் எல்லை தாண்டும் வரை முனகிக்கொண்டே ஓடியது. அதன் பிறகு முனகல் வளர்ந்தது, ஓட்டம் குறைந்தது. அன்றைக்கென்று காற்று விழுந்திருந்தது. பனைகளுக்கு மேலால் தெரிந்த காற்றாலைகள் ஒன்றும் சுற்றவில்லை. கையை விரித்தபடி வரிசையாய் நின்று காரைப் பார்த்தன. மிதிக்க மிதிக்கக் கார் தளர்ந்தது. மீன்பெட்டி கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் பின்னால் வந்து, பக்கத்தில் வந்து, உள்ளே ஒருதரம் பார்த்துவிட்டு முன்னால் போனார். பின்சீற்றில் எடித்தின் செபமாலை வேகம் பிடித்தது. றொசானா கணவனின் சேட்டுக் கொலரைப் பிடித்திருந்த பிடி ஒவ்வொரு நோவுக்கும் இறுகியது.

எருக்கலம்பிட்டிச் சந்திக்குக் கிட்ட கார் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. கடல் சத்தம்கூட இல்லை. தெரு நடுவே ஒரு கழுதை, போக்கு மறித்து நின்றது. றொட்னி சேர் இறங்கிக் கயிற்றை அவிழ்த்தார். அவசரத்தில் மாறி இழுத்ததில் முடிச்சு இறுகியது. பொனெற்றைத் தூக்கியபோது, அவர் போட்ட இரண்டு துளைகளும் கண் மாதிரி அவரையே பார்த்தன. குழாயில் கை வைத்தார். உள்ளே ஏதோ ஒன்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதாக அவருக்குப் பட்டது. பௌதிகவியலில் இதற்கு ஒரு சமன்பாடு இருக்க வேண்டும். எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வந்தது எலி வளைதான்.

பொழுதுபட்டு, மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் ஒரு ஓட்டோ வந்து நின்றது. ஓட்டியவன் றுஸ்தி, சேரிடம் கொஞ்சக்காலம் ரியூசனுக்கு வந்தவன். றொசானாவைக் கண்டதும் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றினான். எடித்தையும் ஏற்றினான். முன்சீற்றில் தன்னோடு ஒட்டி இருந்த சேரிடம்தான், திருப்பத்தில் வைத்து, மெல்லக் கேட்டான்.

"என்ன சேர், காருக்குக் காத்துப் பட்டிட்டா?"

"காத்துப் பத்தேல்லையடா," என்றார் றொட்னி சேர். சொன்ன பிறகு அவருக்கே இரண்டுக்கும் வித்தியாசம் விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் றொசானாவை உள்ளே கொண்டு போனார்கள். கதவு மூடியது. வெகுநேரம் மூடியே கிடந்தது. ஒருதரம் ஒரு நேர்ஸ் மிஸ்ஸி வெளியே வந்து, பிரஷர் கூடியிருக்கிறது, பிள்ளை இன்னும் இறங்கவில்லை, பொறுத்திருங்கோ என்றாள். பிறகு, போகிற போக்கில்,

"வழி இன்னும் திறபடேல்ல," என்றாள்.

றொட்னி சேர் எழும்பினார். இருந்தார். எடித் சொன்னன்தானே என்றுகூடச் சொல்லவில்லை. துளை போட்ட அவருடைய வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையை எங்கே வைப்பதென்று றொட்னி சேருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் வெளியே வேப்ப மரத்தடிக்குப் போய், போனை வாயோடு பொத்திப் பிடித்து ஆரோடோ கதைத்தார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

பிறகு, கதவுக்குப் பின்னால், பிள்ளை அழுதது. பெண் பிள்ளை. தாய்க்கும் சுகம்.

அழுகை கேட்ட கையோடு விஞ்ஞானம் அவரிடம் திரும்பி வந்தது. கருப்பைச் சுருக்கங்களின் பௌதிகம் பற்றி றுஸ்திக்கு விளக்கினார். றுஸ்தி கொட்டாவியை மறைத்துக் கேட்டான்.

விடிந்ததும் மூவருமாகக் காரடிக்குப் போனார்கள். எடித் மடு மாதா கோயில் மண் கொஞ்சம் தாளில் மடித்துக் கொண்டு வந்திருந்தார், காரில் தெளிக்க. அதெல்லாம் வேண்டாம் மாமி, இது சின்னத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிக்கொண்டே றொட்னி சேர் கிளிப்பைத் தளர்த்தி, குழாயை இழுத்தார்.

உள்ளே நீலப்பூ தெரிந்தது.

இழுக்க இழுக்க வந்தது. முதலில் ஓரம், பிறகு மடிப்பு, பிறகு முழுப் பாவாடையும், கடைசியாக, கிளிப்புக்குள் அகப்பட்டு நைந்த நாடா. மண் போகாமலிருக்க முந்தாநாள் கொடியிலிருந்து உருவி எஞ்சினின் வாயை அடைத்தது றொட்னி சேருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. றுஸ்தி வானத்தைப் பார்த்தான். எடித் பாவாடையை வாங்கி உதறி, நாலாக மடித்தார்.

"துளையை அடைக்க வேண்டாமெண்டு சொன்னனான், தம்பி."

விஞ்ஞானப்படி பார்த்தால் மாமி என்று தொடங்கினார் அவர். விஞ்ஞானப்படி பார்த்தாலும் அதுவேதான் என்பதால் வசனம் முடியவில்லை.

கார் உடனே பிடித்தது. முனகல் இல்லை. பழைய பெட்டியோடு எப்படி ஓடியதோ அப்படியே, அதே யோசனையோடு, பேசாலைக்கு ஓடியது. மாமியின் பைகளை ஏற்றிக்கொண்டு றுஸ்தி பின்னால் வந்தான்.

படலையடியில் றஞ்சினி நின்றாள். கையில் ஒரு கடைப் பை. எடித் காரிலிருந்து இறங்கி, மடித்த பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தார். பிள்ளை பிறந்ததைக் கேட்டு றஞ்சினி சந்தோசப்பட்டாள். பிறகு பையை றொட்னி சேரிடம் நீட்டினாள்.

"நேத்து ஆஸ்பத்திரியிலருந்து அழுதுக்கிட்டே கேட்டீங்களே சார், பாவாடையைத் தந்திருங்க, உங்க கால்ல விழுறேன்னு. லைன் சரியாக் கேக்கல, எதுக்குன்னு புரியல. என்னோடது ஒண்ணு துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன்."

எடித் திரும்பிப் பார்த்தார். றுஸ்தி ஓட்டோ எஞ்சினை நிப்பாட்டினான், சத்தம் வடிவாகக் கேட்க.

பைக்குள் இருந்தது பச்சைப் பாவாடை. றொட்னி சேர் அதை வாங்கிக்கொண்டார்.