அப்பா கட்சிக்கு ஏழு ஓட்டு

1

இந்தக் கதைக்கு மூலகாரணம் நான் தூக்கிய ஒரு கை. மற்றவர்களுக்கெல்லாம் கனவிலோ பயணத்திலோ கதை கிடைக்குமாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் தத்துவம் படித்தபோது தப்பான கட்சிக்கு ஓட்டுப் போட்டுத் தொலைத்தேன், அதில் வந்தது இது. அது தப்பான கட்சிதானா என்பது இன்னும் எனக்குத் தீரவில்லை.

முதல் வரியாக வேறொன்றை வைத்திருந்தேன்: "அன்று வெள்ளிக்கிழமை, சன்னலுக்கு வெளியே வெயில்" [வெயிலுக்கும் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அடித்தாயிற்று.]

2

வகுப்பில் எட்டே பேர். அறிவியல் கிடைக்காதவர்கள் நால்வர், அறிவியலுக்குப் பயந்தவர்கள் மூவர் (நானும் அதில் சேர்த்தி), ஆசைப்பட்டு வந்தவள் ஒருத்தி. அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். வீட்டிலும் அதே பெயர்தான். 'கொஞ்சம் தண்ணி எடு' என்றால், உன் தாகத்துக்கு நான் எப்படிப் பொறுப்பு என்று ஆரம்பிக்கிற பிறவி.

வக்கீலின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். தன் கம்பெனியிலேயே மகளுக்கு வேலை பேசி வைத்திருந்தார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து கூப்பிடும்போது போனை எடுத்து, 'பயப்படாதீங்க, ஆள் வந்துட்டிருக்காரு' என்று சொல்கிற வேலை. வக்கீலுக்கோ வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் தத்துவமே மேற்கொண்டு படிக்க வேண்டும். விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்து இல்லாமல் ஆகாது. திங்கட்கிழமை கடைசி நாள்.

[அம்மா எங்கே என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அந்த அம்மா உள்ளே வந்தால் ஐந்தே நிமிடத்தில் விவகாரத்தை முடித்து எல்லோரையும் சாப்பிட உட்காரவைத்துவிடுவார். எனக்குக் கதை மிஞ்சாது.]

3

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு விவாதத்துக்கு. டீச்சர் வைத்திருந்த விதி ஒன்றுதான்: எந்தக் கட்சி உனக்குப் பிடிக்காதோ அதற்காகப் பேசு. இது சிந்தனைக்கு உயர்ந்த பயிற்சி என்பார். நாங்கள் பேசி முடிப்பதற்குள் ஒன்பதாம் வகுப்பு விடைத்தாளைத் திருத்தி முடிக்கலாம் என்பதுதான் காரணம் என்று நாங்கள் நினைத்தோம்.

அந்த வாரம் வக்கீல் தன் வீட்டு வழக்கையே கொண்டுவந்தாள்.

"எங்கப்பாவ மடக்கணும். எல்லாரும் ஆளுக்கொரு பாயிண்ட் சொல்லுங்க."

டீச்சர் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்ப நீ அப்பா கட்சி, எழுந்து பேசு," என்றார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். "தத்துவம் படிச்சிட்டு யாருக்குத் தத்துவம் சொல்லப் போற?" என்று அப்பா மாதிரியே கேட்டாள், சிரித்தோம். பிறகு அவள் குரல் [இந்த இடத்தை ஆறு தடவை எழுதிவிட்டேன், அவள் பேசிய மாதிரி வரமாட்டேன் என்கிறது] இறங்கியது.

"நான் குழிக்குள்ள எறங்கி வேல பாக்கறவன். தலைக்கு மேல லிஃப்ட் தொங்கும். அங்க எனக்குப் பயம் இல்ல. எம்பொண்ணு இன்னும் நாலு வார்த்த படிச்சிட்டு வந்தா, அதான் பயம். இப்பவே அவ பேசறதுல பாதி புரியல. புரிஞ்ச மாதிரி எத்தன நாளைக்குத் தலையாட்டறது?"

யாரும் சிரிக்கவில்லை. ஓட்டெடுப்பில் அப்பாவுக்கு ஏழு. மகளுக்கு ஒன்றுமில்லை, சொந்தக் கட்சிக்கு அவள் கையே எழவில்லை. பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றவளுக்கு டீச்சர் பத்துக்குப் பத்து போட்டார்.

நன்றாகப் பேசியவருக்கு ஓட்டுப் போட்டேன், அவ்வளவுதான். அது ஒருத்தியின் வாழ்க்கை என்று எனக்கு உறைக்கவே இல்லை. அதுவும் தத்துவ வகுப்பில் உட்கார்ந்துகொண்டு.

4

இனி வருவதை நான் நேரில் பார்க்கவில்லை. பாதி அவள் சொன்னது, மீதி என் கைச்சரக்கு.

முதலில் அப்பாவை முரடராக எழுதினேன். விண்ணப்பத்தைப் பிடுங்கிச் சுக்குநூறாக— [கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் எனக்கு வசதி, எங்கள் ஏழு பேர் மேல் பழி குறையும்.]

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்து, சோப்புத்தூள் போட்டுக் கை கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் விண்ணப்பத்தோடு பின்னால் வந்து நின்றாள்.

"என்ன வக்கீலம்மா, இன்னிக்கு என்ன வழக்கு?"

"வழக்கு தோத்துப்போச்சுப்பா. புடிக்காத கட்சிக்குத்தான் பேசணும்னு கிளாஸ்ல ரூலு, உங்க கட்சிய நான்தான் பேசினேன். உங்களுக்கு ஏழு ஓட்டு."

"எனக்கா? நான் என்ன சொன்னேனாம்?"

ஒன்று விடாமல் சொன்னாள். தலையாட்டுவது வரைக்கும்.

தேய்த்த கை நின்றுவிட்டது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் நான் சொல்லவே இல்லியேம்மா."

"சொல்லல. ஆனா உங்க மனசுல அதானேப்பா?"

அவர் இல்லை என்று சொல்லவில்லை. அவளுக்கு எதிர்க்கட்சியை மடக்கத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மடங்கி நிற்கிற அப்பாவை என்ன செய்வது என்று பாடத்தில் இல்லை.

அவர் குழாயை மூடினார். "அப்ப உன் கட்சிய நான் பேசணுமா? அதானே உங்க கிளாஸ் ரூலு?"

5

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு நின்றபடியே பேசினார். மகள் குரல் அவருக்கு வரவில்லை. தன் குரலிலேயே பேசினார்.

"எனக்குப் படிக்கப் புடிச்சிருக்கு. நாள் பூரா கேள்வி கேக்கற எடத்துக்குப் போகணும். இந்த வீட்டுல அவ்வளவு கேள்விக்கு எடம் பத்தல." நிறுத்தினார். "சரியா பேசறனா?"

"பேசுங்கப்பா."

"நான் சொல்றது எங்கப்பாவுக்குப் புரியாது. புரியாட்டி என்ன, லீவுக்கு வரும்போது பக்கத்துல உக்காந்து சொல்லுவேன். சலிச்சுக்காம மறுபடியும் முதல்லேருந்து சொல்லுவேன்." இங்கே அவருக்குக் கட்சி மறந்துபோய்விட்டது. "சொல்லுவியா?"

[முடிவு ஒன்று: "சொல்லுவேம்பா" என்றாள், கையெழுத்தானது. கேட்க இதமாக இருக்கிறது, ஆனால் பதினேழு வயதுப் பெண்ணின் வாயில் அந்த வாக்கை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

முடிவு இரண்டு: பேசாமல் விண்ணப்பத்தை வாங்கி மடித்தாள். வாசகர்கள் அழுவார்கள். எனக்கு மனசு வரவில்லை.

முடிவு மூன்று: அவள்—]

அதற்கு என்ன பதில் சொன்னாள் என்பதை மட்டும் வக்கீல் என்னிடம் சொல்லவே இல்லை. கேட்டேன். "அது உனக்கு எதுக்கு?" என்றாள். ஓட்டுப் போட்டவனுக்கு அதைக் கேட்கிற யோக்கியதை இல்லைதான்.

வீட்டைவிட்டுப் படிக்கப் போன எல்லோரிடமும் யாரோ ஒருவர் 'சொல்லுவியா' என்று கேட்டிருப்பார், வாயைத் திறந்தோ திறக்காமலோ. அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள், பிறகு என்ன செய்தீர்கள்? இரண்டும் ஒன்றுதான் என்றால் தாராளமாகக் கையெழுத்தைப் போடவைத்துக் கதையை முடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவர் விண்ணப்பத்தோடு இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.