நாத்தனாரின் துண்டு

1.
பேருந்தில் முன்னிருக்கைக்காரி போனில் சொன்ன வரியைத் திருடித்தான் இதை எழுதுகிறேன்: "பெத்தது நான், ஒட்டிக்கிட்டது அவங்ககிட்ட." அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளை மூளை ஆராய்ச்சிக்காரி ஆக்கியது நான்தான்.

(என் அம்மா கல்லுடைக்கப் போனபோது என்னை இடுப்பில் சுமந்தவள் பக்கத்து வீட்டுக்காரி. "உனக்கு வயிறு எரியலையா?" என்றால், "எரிய எங்கடா நேரம்?" என்பாள் அம்மா. ஏன் எரிகிறது என்று படித்தவளுக்கும் எரியுமா? பார்க்க ஆசை.)

2.
அவள் ஒரு புகழ்பெற்ற... வேண்டாம், அடித்துவிட்டேன்.

இளமை முழுக்க எலிகளோடு கிடந்தவள். ஒரு தாயின் குட்டியை வேறு தாயிடம் விட்டு, வளர்ந்தபின் அதன் மூளையையும் நடத்தையையும் பார்ப்பாள். மாற்றுமுன் புதுத்தாயின் கூட்டுப் பஞ்சைக் குட்டிமேல் தேய்க்க வேண்டும். வாசனை ஒத்துவராவிட்டால் கடித்துப் போட்டுவிடும். பெற்றது எவளானாலும், நக்கிக் கொடுத்தவளின் பிள்ளையாகத்தான் மூளை வளர்கிறது. அவளுக்குப் பேரும் பதவியும் தந்த முடிவு அது.

வீட்டில் அவள் பிள்ளையை வளர்ப்பவள் கணவனின் அக்கா.

3.
"வாடா தங்கம், அம்மாகிட்ட வா."

பிள்ளை நாத்தனார் கழுத்தை இறுக்கிக்கொண்டது.

"வந்துருவான்மா. புதுசா யாரைப் பாத்தாலும் இப்படித்தான்."

"நான் புதுசா, அண்ணி?"

"ஐயோ, வாய் தவறிடுச்சு."

அறைக்குள் வந்து கணவனிடம் வெடித்தாள். "உங்கக்காவை அனுப்பிருங்க."

"உன் எலிக்கு ஒரு நியாயம், எங்கக்காவுக்கு ஒரு நியாயமா?"

4.
நாத்தனார் குளிக்கப் போன நேரம். அவள் தோளில் எந்நேரமும் கிடக்கும் துண்டை எடுத்து, பெற்றவள் தன் கழுத்திலும் மார்பிலும் அழுந்தத் தேய்த்துக்கொண்டாள்.

[படித்தவள் இப்படிச் செய்வாளா? இங்கே வெகுநேரம் நின்றேன். படித்தவள்தான் செய்வாள். மற்றவளுக்கு இந்த யோசனையே வராது.]

பிள்ளை தவழ்ந்து வந்தது. தூக்கினாள். தோளில் முகம் புதைத்தது. எரிந்த வயிற்றில் தண்ணீர் ஊற்றினாற்போல் இருந்தது.

"அத்த," என்றது.

5.
முதலில் எழுதிய முடிவு: இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். கிழித்துவிட்டேன்; அப்படி எந்த வீட்டிலும் நடக்காது.

அடுத்தது: "நாளைக்கே கிளம்புங்க, அண்ணி." நடக்கக்கூடியதுதான். ஆனால் அத்தையைப் பிரிந்து அழும் அழுகை பிள்ளையின் மூளையில் எங்கே சுடும் என்று அவளுக்குத் தெரியுமே. தெரிந்தும் சொல்வாளா என்று

குளியலறைத் தாழ்ப்பாள் திறக்கிறது. "அத்த," என்கிறது மறுபடி. அவள் மெல்ல, "என்ன கண்ணு?" என்கிறாள், அத்தையாகவே.

நாத்தனார் ஈரத்தலையோடு நிற்கிறாள், இரு கையையும் நீட்டி.

பிள்ளையை அவளிடமிருந்து வாங்கி நாத்தனாரிடம் கொடுப்பதென்றால் நீங்களே கொடுங்கள். எனக்குக் கை வரவில்லை.