தெருமுனையில் நின்ற கார்

தெருமுனைக்குப் பத்தடி இருக்கும்போது சங்கத் தலைவர் சிவலிங்கத்தின் கறுப்புக் கார் மூன்றாவது தடவையாக உதறி நின்றது. பின்னால் வந்த பேண்டு வாத்தியம் நின்றது. அதற்கும் பின்னால், நான்கு பேர் தோளில் வந்துகொண்டிருந்த தம்மபாலனும் நின்றார்.

அவர் மகள் லீலா பெண்களோடு வந்துகொண்டிருந்தாள். காலையில் அப்பாவின் முகத்தைத் துடைத்த துண்டை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர்களின் அந்த லைன் வீடுகளுக்கு நடுவே ஒரு கார் போகத்தான் இடம். இரண்டு பக்கமும் சாக்கடை. தோளில் ஏறிய பாடையை இடுகாட்டுக்கு முன்னால் இறக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். தலைவரை முந்திப் போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் எல்லோரும் பயந்தது அதற்குத்தான்.

"நம்ம தொழிலாளி அநாதையாட்டம் போவக் கூடாது. என் வண்டி முன்னால போவும்" என்று காலையில் அறிவித்தவர் தலைவரே. பின்சீட்டில் மலர்வளையம் இருந்தது. அதில் போனவர் பெயரைவிடக் கொடுத்தவர் பெயர் பெரிது.

டிரைவர் சின்னப்பா பானட்டைத் தூக்கி, சூடு தணியட்டும் என்று பெட்ரோல் பம்பின் மேல் தண்ணீர் ஊற்றினான். வண்டி கிளம்பியது, குலுங்கியது, நின்றது.

"தள்ளிட்டா இன்னா?" என்றார் பாடையின் முன்கழியைத் தாங்கியிருந்த தங்கவேலு. தம்மபாலனோடு இருபது வருஷம் சுரங்கத்துக்குள் இறங்கியவர்.

"தலைவரு உள்ள உக்காந்துகினு கீறாரே" என்றார் பக்கத்தில் தோள் கொடுத்தவர்.

"எறங்கச் சொல்லு."

"நீ சொல்லேன்."

தங்கவேலு இருமினார். தோள் கொடுத்த நான்கு பேரில் மூன்று பேருக்கு அந்தச் சுரங்கத் தூசி இருமல் இருந்தது. தம்மபாலனைக் கொண்டுபோனதும் அதுதான். பாடை லேசாக ஆடியது.

தலைவர் வெல்வெட் திரையை விலக்கித் தலையை நீட்டினார். "போன மாசம் இந்த வண்டியக் கழட்டிப் பாத்தவன் தம்மபாலன்தான். அன்னிலேர்ந்துதான் இந்தத் தகராறு. செத்தவனப் பத்திக் கொறையாப் பேசக் கூடாது" என்று தொடங்கி, நிதானமாகக் குறை பேசினார். "கையி நடுங்குது. காது கேக்கல. பாவம், இன்னா பண்ணுவான்."

லீலா துண்டை இறுக்கினாள்.

போன மாதம் அப்பா அந்தக் காரைக் கழற்றியபோது ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவள் அவள். ஆறியிருந்தபோது வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. அவர் முக்காலியில் உட்கார்ந்து அது சூடாகும்வரை காத்திருந்தார். சூடானதும் துள்ளத் தொடங்கியது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் ஊன்றி, பிடியைத் தன் காதில் வைத்துக் கேட்டார். பிறகு அவள் காதில் வைத்தார்.

"கேக்குதா? திருட்டுக் காத்து. கார்புரேட்டர் காலடில கேஸ்கெட் அட்ட சுருங்கிப்போச்சி. சூடானா வழி உட்ருது."

சன்னமான ஒரு சீழ்க்கை. அவர் குனிந்தபோது, அதே சீழ்க்கை அவர் நெஞ்சுக்குள்ளிருந்தும் வந்தது. இரண்டு பேரும் முதலாவதை மட்டும் கேட்டதாக வைத்துக்கொண்டார்கள்.

பெங்களூரிலிருந்து கேஸ்கெட் வாங்கிவரச் சொன்னார். தலைவர் பெங்களூர் போனார். வெல்வெட் திரை வாங்கி வந்தார்.

லீலா முன்னால் நடந்தாள். சித்தி ரத்தினம்மா கையைப் பிடித்தாள். "எங்கடி போற? பொம்பளைங்க முனையோட நிக்கணும்."

"முனை இன்னும் வரல சித்தி."

பாடையைத் தாண்டும்போது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. முனைக் குழாயில் துண்டை நனைத்துக்கொண்டு வந்தாள்.

"சின்னப்பாண்ணா, ஸ்டார்ட் பண்ணுங்க. ஆக்சிலேட்டர்ல காலு இருக்கட்டும்."

"இன்னாம்மா இது?" என்றார் தலைவர்.

"நைனா உங்கள கேஸ்கெட் கேட்டாரு. நீங்க கர்ட்டன் வாங்கியாந்தீங்க."

கிளாரினெட்காரர் வாத்தியத்தை அவசரமாக வாயில் வைத்துக்கொண்டார்.

கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் துண்டைச் சுற்றினாள். நேற்றுவரை அப்பா நெற்றியில் போட்டதைப் போலவே, இரண்டு மடிப்பாக, ஓரத்தை உள்ளே செருகி. ஆவி எழுந்தது. சீழ்க்கை அடங்கியது.

"காலை எடுங்கண்ணா."

சின்னப்பா காலை எடுத்தான். இன்ஜின் நிற்கவில்லை. துள்ளவும் இல்லை.

தங்கவேலு தலையைத் திருப்பாமல், தோளுக்கு மேலே பேசினார். "கேட்டியா தம்மா? ஓடுதுடா."

"நான் சொல்லல?" என்றார் தலைவர், ஊருக்குக் கேட்கும்படி. "தம்மபாலன் கை வெச்ச வண்டி நிக்காது!"

லீலா பானட்டை இறக்கினாள். "ஈரம் காஞ்சா மறுபடியும் துள்ளும். அதுக்குள்ள போய்ச் சேந்துடுங்க."

"துண்டு?" என்றான் சின்னப்பா.

"இருக்கட்டும்."

கார் முனை திரும்பியது. பேண்டு திரும்பியது. பாடை அவளைக் கடந்தபோது அதிலிருந்து ஒரு சாமந்தி விழுந்தது. யாரோ மிதித்துப் போனார்கள். பெண்கள் குழாயடியில் நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்குத் திரும்பினார்கள்.

"வாடி, குளிக்கணும்" என்றாள் ரத்தினம்மா.

"இரு சித்தி."

பேண்டு சத்தம் தேய்ந்த பிறகும் இன்ஜின் மட்டும் மெல்லக் கேட்டது. ஸ்க்ரூடிரைவர் பிடிக்குச் சாய்ப்பதுபோல் தலையைச் சாய்த்து நின்றாள். பின்னால் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் குறுக்கே வந்தது. அவள் கையைப் பின்னால் நீட்டி அதை இறுக்கி மூடினாள்.