கடைசிப் பத்து நிமிடம்

சௌஹிங்கின் கையிலிருந்து மேளக் குச்சியைப் பிடுங்க ஊரில் ஒரு ஆம்பளைக்கும் துணிச்சல் கிடையாது. ஐம்பத்தாறு வயதிலும் அவள் பார்க்கிற பார்வையில் எதிராளி இரண்டடி தள்ளித்தான் நிற்பான். அப்பேர்ப்பட்டவளையும் ஒன்று மடக்கிவிட்டது. புஜத்தில் சுற்றி, புஸ் புஸ்ஸென்று காற்றடித்து, ரத்த அழுத்தம் பார்க்கிறார்களே, அந்தப் பட்டை.

சீனப் பஞ்சாங்கத்து ஐந்தாம் மாதத்தில் வரும் டிராகன் படகுப் போட்டிக்கு ஊர்க் கமிட்டி இந்த வருடம் புதுசாக ஒரு சட்டம் போட்டது. ஐம்பது தாண்டிய யாரும் அழுத்தம் நூற்றைம்பதுக்குக் கீழே இருந்தால்தான் படகில் ஏறலாம். சௌஹிங்குக்கு நூற்று அறுபத்தெட்டு. சோதனைக்கு இருந்ததோ பதினாலே நாள்.

"சூடாகிற இஞ்சினைத் தண்ணியில இறக்க முடியாதேம்மா," என்று கமிட்டிச் செயலாளர் பல்லைக் காட்டினார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் படகு என்ன சும்மா வந்ததா? பொம்பளை கை பட்டால் டிராகனுக்கு ஆகாது என்று படகுக் கொட்டகைப் பக்கமே அண்டவிடாத ஊர் இது. ஆண்கள் தங்கள் படகை வருடம் முழுக்கச் சேற்றில் புதைத்து வைத்துத் திருவிழாவுக்குத் தோண்டி எடுக்கும்போது, பெண்கள் கரையில் நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி. ஆறு வருடம் கமிட்டி வாசலில் நின்று, கத்தி, ஏச்சு வாங்கி, பதிலுக்கு இரண்டு மடங்கு திட்டி, அவள் வாங்கியது இந்தப் பெண்கள் படகு. நடுவில் உட்கார்ந்து அவள் அடிக்கிற அடிக்குத்தான் இருபது துடுப்பும் விழும். அதை விட்டு இறங்குவதா? செத்தாலும் மாட்டாள்.

ஆஸ்பத்திரி மாத்திரை நூற்று எண்பத்தைந்தை நூற்று அறுபத்தெட்டுக்குக் கொண்டுவந்து விட்டு, அங்கேயே சண்டித்தனம் பண்ணியது. கடைத்தெரு மூலிகை வைத்தியர் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். "மாத்திரையை நிறுத்தாதே. இதையும் சேர்த்துக் குடி," என்று ஒரு கஷாயம் எழுதிக் கொடுத்தார். தியன்மா கிழங்கு, கடல் சிப்பி ஓடு, இன்னும் எட்டொன்பது சரக்கு. தூண்டில் முள் மாதிரி வளைந்த கொக்கிக்கொடி மட்டும் தனியாக ஒரு சின்னப் பொட்டலத்தில்.

கஷாயம் காய்ச்சுகிற வேலையை அவள் புருஷன் பாக்சுன் எடுத்துக்கொண்டான். அவனுக்குத் தெரிந்த ஒரே தெய்வம் சிறு தீ. பன்றி எலும்போ மீன் தலையோ, மூன்று மணி நேரத்துக்கு முன்னால் சட்டி மூடியைத் திறக்க எவனையும் விடமாட்டான். "மூணு மணி நேரம் கொதிக்காதது சூப்பா? கை கழுவுற தண்ணி!" என்பான். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். இவன் கொஞ்சம் சத்தமாகச் சொல்வான்.

எட்டு நாள் குடித்தாள். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு, தொண்டையைப் பிடித்து இழுக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு. ஆனால் அழுத்தமோ நூற்று அறுபத்தாறு, அறுபத்தொன்பது, மறுபடி அறுபத்தேழு. பட்டையைக் கழற்றி எறியலாம் போலிருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் வழக்கம்போல மருந்துச் சக்கையைச் சந்து முனையில் கொட்டினாள். போகிறவர் வருகிறவர் மிதித்தால் நோய் அவர்களோடு போய்விடும் என்பது அங்கே எல்லோர் நம்பிக்கையும். அந்த நேரம் பார்த்து வந்து சக்கைமேலேயே ஸ்கூட்டரை நிறுத்தினாள் லிங்யூக். முப்பத்தெட்டு வயது. மூலிகைக் கடையில் சரக்கு நிறுத்துக் கட்டுகிறவள். பெண்கள் படகில் இரண்டாவது மேளக்காரியும் அவள்தான். சௌஹிங் இறங்கினால் மேளம் அவளுக்கு.

லிங்யூக் மிதித்துவிட்டுப் போகவில்லை. குந்தி உட்கார்ந்து சக்கையைக் கிளறினாள்.

"ஹிங் அக்கா! இதக் காய்ச்சினது யாரு?"

"என் வீட்டுக்காரன்தான். உனக்கென்னடி வந்துச்சு? மிதிச்சுட்டு என் நோயையும் எடுத்துக்கிட்டுப் போவியா!"

"மிதிக்கிறேன், மிதிக்கிறேன். இந்த இலந்தைப்பழம் எப்படி வந்துச்சு? நான் நிறுத்துப் போடலையே?"

"கசப்புக்கு ரெண்டு பழம் போட்டாரு. அது குத்தமா?"

"பழம் போகட்டும். இதப் பாருங்க." லிங்யூக் ஒரு கொக்கியை எடுத்து விரலால் அழுத்தினாள். கன்னங்கரேலென்று கறுத்து, தோல் உரிந்து, நசுங்கியது. "எத்தனை நேரம் கொதிச்சுது?"

"மூணு மணி நேரம்."

"அடக் கடவுளே! இது கடைசிப் பத்து நிமிஷம் போட வேண்டிய சரக்குக்கா. சிப்பி ஓடு முதல்ல, மத்ததெல்லாம் அப்புறம், இது எல்லாத்துக்கும் கடைசி. இப்படி வேக வெச்சா இதுல என்ன மிஞ்சும்? எதுக்குத் தனிப் பொட்டலம் கட்டறோம்? 'பிறகு போடு'ன்னு என் கையாலயே மேல எழுதியிருந்தேனே!"

சௌஹிங்குக்கு எட்டு நாள் கசப்பும் ஒரேயடியாகத் தொண்டைக்கு வந்தது. இவள் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தால் மேளம் இவளுக்குத்தானே என்ற நினைப்பும் கூடவே வந்தது.

"ஏன்டி, இத எங்கிட்ட எதுக்குச் சொல்றே? மேளம் உனக்கு வேணாமா?"

"வேணும். வேணாம்னு யார் சொன்னா? உங்களவிட நல்லா அடிச்சு உங்க கையிலேருந்து வாங்கிக்கிறேன். உங்க வீட்டு அடுப்பு வாங்கிக் குடுத்துச்சுன்னு ஊர் பேசக் கூடாது," என்ற லிங்யூக் சக்கையை இரண்டு காலாலும் நன்றாக மிதித்துவிட்டுப் போனாள்.

சௌஹிங் வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் கதவு சுவரில் இடித்தது. பாக்சுன் சட்டி கழுவிக்கொண்டிருந்தான்.

"யோவ், பொட்டலத்துல எழுதியிருந்ததப் பாத்தியா, இல்லையா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டினே?"

"சரக்கெல்லாம் பச்சத் தண்ணியிலேருந்து சேர்ந்து வெந்தாத்தான்..."

"வேணும்னே பண்ணினியா?"

கேட்டுவிட்டாள். காரணம் இல்லாமல் கேட்கவில்லை. குளிர்காலத்தில் அவனுடைய அண்ணன் மாஜோங் ஆட்ட மேசையில் காய் எடுக்கக் கை நீட்டியவர், அப்படியே சாய்ந்தார்; பிறகு எழுந்திருக்கவே இல்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாம். அன்றிலிருந்து அவன், "இந்த வருஷம் படகு வேண்டாமே," என்று முனகிக்கொண்டேதான் இருந்தான்.

பாக்சுன் அவள் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, கழுவிய சட்டியையே திரும்பவும் கழுவினான்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சு இல்லை. சோற்றுக் கிண்ணம் மேசைக்கு வரும், காலியாகித் திரும்பிப் போகும், அவ்வளவுதான். ஆனால் காலையில் அடுப்படியில் சத்தம் கேட்கும். முதலில் சிப்பி ஓடு அரை மணி நேரம், பிறகு மற்றவை. சின்னப் பொட்டலத்தை இடது கையில் பிடித்து, வலது மணிக்கட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கொக்கியைப் போட்டபின் பத்து நிமிடம் அடுப்பை விட்டு அசைய மாட்டான். வாசலில் யார் கூப்பிட்டாலும் காதில் வாங்கமாட்டான். இலந்தைப்பழமும் நின்றுபோனது. சனியன், கசப்பு இரண்டு மடங்கானது. அவள் குடித்துவிட்டுப் பின்கட்டில் கவிழ்த்துப் போட்ட வாளியை அடி அடியென்று அடித்துப் பழகினாள். நூற்று அறுபத்துமூன்று. நூற்று ஐம்பத்தொன்பது. நூற்று ஐம்பத்தாறு.

சோதனை குலக்கோயில் மண்டபத்தில் நடந்தது. நர்ஸ் ஒரு சின்னப் பெண். பட்டையைச் சுற்றினாள், காற்றடித்தாள்.

"நூத்தி ஐம்பத்துநாலு."

அவள் பெயரை அடிக்கச் செயலாளர் பேனாவைத் திறந்தார். நர்ஸ் அவரை நிறுத்தினாள். "இன்னொரு தடவை பார்க்கணும். பத்து நிமிஷம் உக்காந்துட்டு வாங்க அத்தை. பேசக் கூடாது, கோவப்படக் கூடாது."

கோபப்படாமல் இருப்பதாம்! சௌஹிங் பல்லைக் கடித்துக்கொண்டு ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பாக்சுன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஆறு நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தான்.

"வேணும்னே பண்ணினியான்னு கேட்டியே."

அவள் பேசவில்லை. பேசக் கூடாதே.

"தெரியாமத்தான் பண்ணேன். கடைக்காரங்களுக்கு அடுப்பப் பத்தி என்ன தெரியும்னு நெனச்சு, மொத்தமாக் கொட்டிட்டேன். சத்தியமா அவ்வளவுதான்." அவன் குரல் இறங்கியது. "ஆனா நீ கேட்டதுலேருந்து, தெரிஞ்சிருந்தா வேணும்னே பண்ணியிருப்பேனோன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன் ஹிங். பண்ணியிருக்க மாட்டேன்னு அடிச்சுச் சொல்ல முடியல. அண்ணன் சாய்ஞ்சது கண்ணுலயே நிக்குது. அதான் வாயத் திறக்கல."

சௌஹிங் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவனுடைய வலது கை விரல்கள் அடுப்பு ஆவி பட்டுச் சிவந்திருந்தன. பாவி மனுஷன், ஆறு நாளாக இதைச் சுமந்துகொண்டா அடுப்படியில் நின்றான்?

"யோவ், ஆறு நாளாத் தெரியுமில்ல?"

"என்னது?"

"கொக்கிய எப்பப் போட்டா வேலை செய்யும், எப்பப் போட்டா செய்யாதுன்னு. ஒரு நாள் நீ ஒரு மணி நேரம் கூடக் கொதிக்க விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா? கேக்கவா போறேன், பேச்சே இல்லாத வீட்டுல? தெரிஞ்சுதானே கடிகாரத்தோட நின்னே?"

பாக்சுன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மணிக்கட்டைப் பார்த்தான்.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு," என்றான். "பேசாதே."

நாலு நிமிடமும் அவள் பேசவில்லை. மண்டபத்துக்கு வெளியே லிங்யூக் துடுப்புகளை எண்ணி அடுக்குகிற சத்தம் கேட்டது. வாய்க்காலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவளுடைய தோள் அவன் தோளில் பட்டபடி இருந்தது. இரண்டு பேருமே நகரவில்லை.

நர்ஸ் பட்டையைச் சுற்றினாள். காற்று ஏறியது, இறங்கியது.

"நூத்தி நாப்பத்தேழு."

செயலாளர், "மிஷின் சரியாத்தான் இருக்கா?" என்றார். நர்ஸ், "உங்களுக்கும் பார்த்துரலாமா மாமா?" என்றதும் பேனாவை மூடிக்கொண்டார்.

வாசலில் லிங்யூக் இரண்டு மேளக் குச்சிகளையும் நீட்டினாள். "அடுத்த வருஷம் பாத்துக்கிறேன்," என்றாள்.

"அடுத்த வருஷமும் இதே கைதான்டி," என்று வாங்கிக்கொண்ட சௌஹிங், படித்துறையில் இரண்டு படி இறங்கிப் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ வீட்டுக்குப் போய் சிப்பி ஓட்ட அடுப்புல வையி. பந்தயம் நாளன்னிக்கு. அதுவரைக்கும் நூத்தைம்பது தாண்டக் கூடாது."

"கொக்கி?"

"நான் வந்ததும் போடு. பத்து நிமிஷம் நானும் நிக்கிறேன்."