எண்ணைப் படிக்கும் தூரம்

குளியலறை பல்பு முந்தின நாளே போய்விட்டிருந்தது. காலையில் அவர் கைபேசி வெளிச்சத்தில் முகம் மழித்து, தாடையில் ஒரு கீறலோடு வெளியே வந்தார். காரில் ஏறி உட்கார்ந்தார். பழைய சட்டைத் துணியால் முன்கண்ணாடியை உள்பக்கம் துடைத்தார். அதில் ஒட்டியிருந்த கேமராவை ஒரு தட்டுத் தட்டி எழுப்பிவிட்டு, பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார்.

"பல்பு பின்னா, திருகா?"

அவள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாயில் கிளிப் இருந்தது. எடுத்துவிட்டு, "பின்னு" என்றாள்.

"என்ன?"

"பின்னு வச்சது. திருகு வாங்கிட்டு வந்து என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

அவர் சிரித்தாரா இல்லையா என்பது அவளுக்கு ஞாபகமில்லை. கார் தெருமுனையில் திரும்பியது. அவள் அடுத்த கிளிப்பை எடுத்தாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கட்டடம் கட்டடமாகக் காரில் அலைந்து, யாரோ அலட்சியமாக முடுக்கிய திருகைக் கண்டுபிடிப்பது அவர் பிழைப்பு. அந்தக் கண் சாலையிலும் மூடவில்லை. கேமரா வாங்கியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும், அவளுடைய புருவ இடுக்கியை எடுத்து வந்து, கேமராவின் விலாவிலிருந்து மெமரி கார்டை உருவுவார். சிவப்பு விளக்கில் பாய்ந்தவன், பள்ளிக்கூட வாசலில் வேகம் குறைக்காதவன், நாற்சந்தியில் முந்தியவன் என்று அந்த வாரத்து அட்டூழியங்களையெல்லாம் மடிக்கணினியில் வெட்டியெடுத்து, போக்குவரத்துப் போலீசுக்கு அனுப்பிவைப்பார். "பொறுப்போடு தகவல் தந்தமைக்கு நன்றி" என்று அங்கிருந்து தானாக வரும் ஒற்றை வரியை, ஏதோ விருது கிடைத்தாற்போல் அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டுவார்.

பெயிண்ட் கடை வைத்திருந்த அவருடைய அண்ணன்தான் 'சாட்சி' என்று பட்டப்பெயர் வைத்தார்.

"ஊரான் எப்படிப் போனா உனக்கென்னடா சாட்சி? உன்மேல வந்து இடிச்சானா? இல்லையில்ல? போயிட்டே இரு."

"நான் யாரையும் பிடிக்கலையே. பாத்ததைப் பாத்தேன்னு சொல்றேன். அவ்வளவுதான்."

"பள்ளிக்கூடத்துலயே இவன் இப்படித்தாம்மா. வாத்தியார் வெளிய போனா பேர் எழுதறது யாருன்னு நினைக்கற?" என்று அண்ணன் அவளிடம் முறையிடுவார்.

ஒருமுறை, காதில் போனை இடுக்கிக்கொண்டு ஓட்டிய ஒரு வண்டி கேமராவில் விழுந்தது. அது அண்ணனுடைய வண்டி. அதையும் அனுப்பினார். அபராதச் சீட்டு போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு மழைக்காலம் முழுக்க அண்ணன் இந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கடைசியில் அவராகவே வந்து, "கூடப் பொறந்தவன்னு தெரியலையாடா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சுது. கேமராவுக்குத் தெரியல."

அண்ணன் முறைக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார்.

கேமரா மலிவானது. காலை வெயில் எதிரே அடித்தால், முன்னால் போகும் வண்டியின் எண் பலகை வெறும் வெள்ளையாகத்தான் பதிவாகும். அதற்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். எண்ணை வாய்விட்டுப் படிப்பார், குரலாவது பதிவாகிவிடும். ஆனால் படிக்க வேண்டுமென்றால் கிட்டப் போக வேண்டும். அவள் பக்கத்தில் இருந்தால் அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவாள். பள்ளிப் பிள்ளைபோல வேகத்தைக் குறைப்பார்.

அன்று காலை, ஊருக்கு வெளியே ஒரு வளைவில், எதிரே வந்த பேருந்தில் மோதி அவர் இறந்தார். பணிமனையிலிருந்து முதல் சவாரிக்குக் காலியாகப் போய்க்கொண்டிருந்த, நடத்துநர் இல்லாமல் ஓட்டுநரே எல்லாம் பார்த்துக்கொள்ளும் பேருந்து அது. பார்த்தவர் யாருமில்லை. பேருந்தின் கேமரா பழுதாகிக் கிடந்தது. மோதிய பிறகு இரண்டு வண்டிகளும் சறுக்கிப்போய் நின்ற இடத்தை வைத்து, யார் கோட்டைத் தாண்டியது என்று போலீசாரால் அடித்துச் சொல்ல முடியவில்லை. பேருந்து ஓட்டுநரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

வீட்டுக்கு வந்தவர்கள் அவள் அழுவாள் என்று காத்திருந்தார்கள். அவள் நாற்காலிகளை எடுத்துப் போட்டாள். அவர்கள் போனதும் மடக்கி வைத்தாள். விடுப்பு முடியும் முன்பே வேலைக்குப் போனாள். உடம்பு தன் வேலைகளைத் தானே செய்துகொண்டிருந்தது. அவள் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குச் சலவை நிலையத்தில் முன்மேசை வேலை. துணியை வாங்குவாள், எண் துண்டைக் குத்துவாள், பைகளைத் துழாவுவாள். பையைத் துழாவாமல் ஒரு துணியும் இயந்திரத்துக்குப் போகக் கூடாது. பேனா, மூக்குக்கண்ணாடி, ஒருமுறை யாரோ ஒருவருடைய பல்செட்டு என்று என்னவெல்லாமோ அவள் கையில் சிக்கியிருக்கின்றன.

நொறுங்கிய கார்களை நிறுத்தும் இடத்திலிருந்து, காரில் கிடந்த பொருட்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். குடை, ஒற்றைச் செருப்பு, பழைய சட்டைத் துணி, திரை உடைந்த கேமரா. "அது செத்துப்போச்சுங்க. அழுத்திப் பாத்துட்டுத்தான் போட்டாங்க" என்றார் பெட்டியைக் கொடுத்தவர். அவள் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து பெட்டியைக் காலி செய்தபோது, கை பழக்கத்தில் கேமராவின் விலாவைத் தடவியது. கார்டு உள்ளேயே இருந்தது. போய் இடுக்கியை எடுத்து வந்தாள்.

மடிக்கணினியில் கார்டைப் போட்டதும் முதலில் கேட்டது அவள் குரல்; அதற்கு முந்தியது பதிவாகவில்லை. "பின்னு வச்சது. திருகு வாங்கிட்டு வந்து என்னைக் குத்தம் சொல்லாதீங்க." அதன்மேல் அவர் சிரிப்பு. சிரித்துத்தான் இருக்கிறார்.

பிறகு வெகுநேரம் சாலைதான். ஒரு வெள்ளைக் கார் இடதுபக்கமாக முந்தி, உரசுகிறாற்போல் குறுக்கே விழுந்து பறந்தது. "டேய், வீட்டுல சொல்லிட்டு வந்தியாடா?" என்றார். எஞ்சின் சத்தம் ஏறியது. வெள்ளைக் காரின் பின்புறம் கிட்ட வந்தது. எதிர்வெயிலில் எண் பலகை பளபளத்தது. "நாலு... ஒண்ணு... ஏழு..." சாலை நடுக்கோடு மெல்ல நகர்ந்து காரின் மூக்குக்கு அடியில் போய், மறுபக்கம் வெளியே வந்தது. பேருந்து அதன் பாதையில்தான் வந்துகொண்டிருந்தது. நாலாவது எண்ணை அவர் சொல்லவில்லை.

அவள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். கறை துணியில் இருக்கிறதா, வெளிச்சம் அப்படிக் காட்டுகிறதா என்று சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைப் போலப் பார்த்தாள். கறை துணியில்தான் இருந்தது.

கணவரின் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். முடிந்த பிறகும் அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

"இல்ல மாமா."

"சொல்லாத. அதை என்கிட்ட குடுத்துடு."

"குடுத்தா?"

"செத்தவனைக் குத்தவாளியாக்கி என்ன ஆகப்போகுது? ஊரைத் திருத்தப் போனவன் தானே தப்பா ஓட்டிச் செத்தான்னு பேசுவாங்க. அவன் அனுப்பினதுல மாட்டின ஒவ்வொருத்தனும் சிரிப்பான்." சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்தது.

அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கார்டைக் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அந்த வாரமே பேருந்து ஓட்டுநர் சலவை நிலையத்துக்கு வந்தார். பணிமனைச் சீருடைகளெல்லாம் அங்கேதான் வெளுக்க வரும். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள் சீருடையை வெளுத்து ஒப்படைக்க வேண்டும் என்பது பணிமனை வழக்கம். போலீஸ் நிலைய வராந்தாவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த முகத்தை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அவருக்கு அவளைத் தெரியவில்லை.

உள்ளேயிருந்து இஸ்திரிக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, வண்டியை விட்டுட்டு துணியை ஓட்டிக்கிட்டு வந்திருக்கீங்க?"

"ஒப்படைக்கச் சொல்லிட்டாங்கப்பா."

"என்னதான் சொல்றாங்க?"

"என்னத்தைச் சொல்றது. கார் என் பக்கம் வந்துச்சு. நான் சொன்னா யார் நம்பறா? போன வருஷம் யாரோ ஒரு புண்ணியவான் நான் மஞ்சள் விளக்குல போனதைப் படம் பிடிச்சு அனுப்பியிருக்கான். ஃபைல்ல அது ஒண்ணு உக்காந்திருக்கு. ஏற்கெனவே இப்படிப்பட்ட ஆளுதானேங்கறாங்க."

அனுப்பிய புண்ணியவான் யார் என்று அவள் யோசிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டாள். மடிக்கணினியில் தேடினால் தெரிந்துவிடும். அவள் தேடவில்லை. சீருடைச் சட்டையின் பைக்குள் கை விட்டாள். தொண்டை மிட்டாய் ஒன்று, உறையோடு. மேசைமேல் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களே வச்சுக்கங்கம்மா. இனிமே யாருக்கு நான் கத்தி ஸ்டாப் பேர் சொல்லப்போறேன்?"

"உங்களுதுங்க. பையில இருந்தது எதையும் நாங்க வச்சுக்கறதில்ல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வந்திருந்தார். சாப்பிட்டுத் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு அவள் மடிக்கணினியைத் திறந்தாள். கணவருடைய கணக்கு திறந்தபடியே இருந்தது. அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

"அவன் பேரைக் காப்பாத்தணும்னு உனக்குத் தோணலையா?"

"எனக்கு இப்ப என்ன தோணுது, என்ன தோணலைன்னே தெரியல மாமா."

"அப்புறம் எதுக்கு இது?"

"உங்க வண்டியையே அனுப்பினவர் மாமா அவர்."

அண்ணன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆபத்தாக ஓட்டிய வண்டியின் எண் என்ன என்று திரை கேட்டது. அவள் விரல்கள் விசைப்பலகைமேல் நின்றன. எத்தனையோ வருடம் ஏறி இறங்கிய காரின் எண் அவளுக்கு வரவில்லை.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். அவள் ஒவ்வொன்றாக அடித்தாள்.

அனுப்பியதும் அலமாரியில் கிடந்த கணவருடைய கைபேசி ஒருமுறை ஒலித்தது. அதற்கு அவள் தினமும் மின்னேற்றி வந்தாள். பொறுப்போடு தகவல் தந்தமைக்கு நன்றி. யாரும் உரக்க வாசிக்கவில்லை.

மறுநாள் கார்டை விசாரணை அதிகாரியிடம் நேரிலும் கொடுத்தாள். அவர் பார்த்துவிட்டு, "இது வெளிய வராமலே இருந்திருக்கலாம்மா. யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார். அதைக் கண்டிப்பாகச் சொன்னாரா, இரக்கமாகச் சொன்னாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அண்ணன் பயந்ததுபோலவே நாலு பேர் பேசினார்கள். ஒருவர் சிரித்ததாகவும் காதில் விழுந்தது. அது யாருக்கோ நடப்பதுபோல இருந்தது.

வெள்ளைக் கார் கிடைக்கவில்லை. மூன்று எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது என்றார்கள்.

பணிமனை மூட்டையில் ஓட்டுநருடைய சீருடை மறுபடி வெளுக்க வரத் தொடங்கியது. மற்ற சட்டைகளைப் போலவே அதன் பையையும் அவள் துழாவுகிறாள். சில நாள் மிட்டாய் உறை இருக்கிறது, சில நாள் இல்லை.

குளியலறையில் இன்னும் பல்பு இல்லை. அவள் கதவைச் சற்றுத் திறந்துவைத்துக் குளிக்கிறாள்.